யானை சுமந்த வாசற்படி

முன்னொரு காலத்தில் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான்.

எந்த நாடு, எந்த ராஜா, எந்த ஆற்றங்கரை என்பதையெல்லாம் நிதானமாகச் சொல்லலாம். இப்போது முடியாது. அவனுக்குப் பின்னால் பட்டத்து யானை வந்துகொண்டிருந்தது.

ஓடியவன் பெயர் மயிலேறி. அரசவை விகடகவி. அவன் மடியில் ஒரு வெல்லக் கட்டி இருந்தது. யானைக்கு வேண்டியதும் அதுதான். தூக்கி எறிந்துவிட்டுப் பிழைத்திருக்கலாம். எறிய அவனுக்கு மனம் வரவில்லை. இன்று பௌர்ணமி. பொழுது சாய்ந்ததும் அவன் வாய்க்கு வெள்ளிப் பூட்டுப் போடப் போகிறார்கள். அப்புறம் ஆயுசுக்கும் பேச்சு கிடையாது. எதையும் கடிக்கவும் முடியாது. கடைசியாக ஒரு கட்டி வெல்லத்தையாவது நிம்மதியாகக் கடித்துத் தின்போம் என்று கடைத்தெருவுக்குப் போனான். அங்கேதான் யானையின் கண்ணில் பட்டான்.

"அடேய் பாகா! யானையைப் பிடிடா!"

பாகன் ஒரு மதில்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"எப்படிங்க பிடிக்கிறது? வெல்லம் திங்கணும்கிறது அதோட இஷ்டம். தடுத்தா என் தலை போயிடும்ல?"

"என் உயிர் போகுதேடா!"

"ஓடுறது உங்க இஷ்டம். நான் தடுத்தேனா?"

மயிலேறி மேலத் தெருவுக்குள் பாய்ந்தான். தெரு நடுவில் ஒரு வீடு நின்றது. போன வாரம் வரை அங்கே வீடு இல்லை. தெருவில்தான் வீடு கட்டுவேன் என்பது ஒருவன் இஷ்டம். அந்தத் தெருவில்தான் நடப்பேன் என்பது ஊரார் இஷ்டம். ஆகவே ஊரே அந்த வீட்டுக்குள் முன்வாசலில் நுழைந்து கொல்லை வழியே போய்க்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மாள் வருகிறவர்களுக்கு மோர் வேறு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மோர் குடிச்சிட்டுப் போங்க, விகடகவியாரே!"

"எனக்கு வேண்டாம் தாயே! பின்னால் ஒருவர் வருகிறார், அவருக்குக் கொடுங்கள்!"

சொல்லி முடிப்பதற்குள் கொல்லைக்கு வந்துவிட்டான். பின்னால் வீடு சரியும் சத்தம் கேட்டது.

இந்தக் கூத்தெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்பதை, அவன் கொல்லை வேலியைத் தாண்டுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

*

உத்தண்ட மகாராஜாவுக்கு ஒரு நாள் காலையில் மாங்காய் தின்ன ஆசை வந்தது. உப்பும் மிளகாயும் தொட்டு, குளித்துக்கொண்டே தின்ன வேண்டும். அரண்மனை வைத்தியர், "பித்தம்" என்றார். சரி, மீசையையாவது மழித்துவிடலாமே என்று மகாராஜா கேட்டார். ராஜகுரு, "பட்டத்துக்கு ஆகாது" என்றார். கோபத்தில் மகாராஜா தும்மினார். கட்டியக்காரன் மூன்று முறை வாழ்த்திய பிறகுதான் அடுத்த தும்மலுக்கு வழி கிடைத்தது.

அன்றைக்கே சபையைக் கூட்டினார்.

"நாடாளும் எனக்கே என் இஷ்டப்படி ஒரு மாங்காய் தின்ன முடியவில்லை. அப்படியானால் என் குடிகள் எவ்வளவு துன்பப்படுவார்கள்! இன்று முதல் அவரவர் இஷ்டம் அவரவருக்கு. பிறர் இஷ்டத்தைத் தடுப்பவர் தலை தங்காது. இதுவே நம் ஆணை."

சபை கைதட்டியது. மயிலேறி மட்டும் சிரித்தான்.

"ஏன் சிரித்தாய்?"

"ஓர் ஐயம், மகாராஜா. பிரதானியாரின் மடியில் உட்கார வேண்டும் என்பது என் இஷ்டம். உட்காரக் கூடாது என்பது அவர் இஷ்டம். இருவரில் யார் தலை போகும்?"

சபையே குலுங்கிச் சிரித்தது. பிரதானி திருமேனிநாதர் சிரிக்கவில்லை. மகாராஜா தம்மைவிட்டு விகடகவியின் யோசனையைக் கேட்கிறாரே என்ற எரிச்சல் அவருக்கு நெடுநாளாக உண்டு. இன்று வாய்ப்புக் கனிந்துவிட்டது.

"மகாராஜா! இஷ்டத்துக்கு எங்கோ ஓர் எல்லை இருக்கிறது என்கிறான் இவன். இருந்தால் காட்டட்டும். வாயால் அல்ல. வாயால் இவன் வானத்தை வில்லாக வளைப்பான், மணலைக் கயிறாகத் திரிப்பான். அந்த எல்லையைத் தூக்கிவந்து இந்தச் சபையில் வைக்கட்டும். நாங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். கையால் தொட வேண்டும். வரும் பௌர்ணமி, பொழுது சாய்வதற்குள். இல்லையென்றால் அந்த வாய்க்கு ஆயுள் முழுவதும் பூட்டு!"

மகாராஜாவுக்கு விசித்திரமான யோசனை என்றால் போதும். "நல்லது, அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார்.

அன்று சாயங்காலமே பிரதானி ஒரு நூலோடு வந்து மயிலேறியின் உதட்டை அளந்துகொண்டு போனார்.

"கஞ்சி குடிக்க ஒரு நாணல் குழல் நுழையும்படி துளை வைக்கச் சொல்லியிருக்கிறேன். நானும் இரக்கமுள்ளவன்தானே?"

பழகிக்கொள்வோம் என்று மயிலேறி ஒரு காலைப்பொழுது பேசாமல் இருந்து பார்த்தான். வெயில் ஏறுவதற்குள் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அவன் விகடத்தை நம்பித்தான் அவன் வீட்டு அடுப்பு எரிந்தது, அது கிடக்கட்டும். மகாராஜாவிடம் 'இது தப்பு' என்று சொல்லக்கூடிய வாய் அந்தச் சபையில் அது ஒன்றுதான். அதற்குத்தான் பூட்டு.

*

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜா வாயால் சொன்னது ஆணையாகாது. தமுக்கு அடித்து முழக்கினால்தான் ஆணை. முதல் முழக்கம் சந்தை மண்டபத்தில். அங்கே அடித்த பிறகுதான் மற்ற தெருக்கள். ஆணையை நீக்க வேண்டுமென்றாலும் அடித்த அதே கைதான் அடிக்க வேண்டும். பொய்த் தமுக்கு அடித்தாலும், சொன்னதை அடிக்காவிட்டாலும் அந்தக் கையை வெட்டிவிடுவார்கள். தமுக்கு அடிப்பவன் பெயர் சன்னாசி.

சன்னாசி தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு அரண்மனையை விட்டுக் கிளம்பும் முன்பே, சமையற்கட்டு வழியாகச் செய்தி ஊருக்குள் பாய்ந்துவிட்டது. அரண்மனைச் சமையற்காரன் சொல்லி, தயிர்க்காரி சொல்லி, கிழக்குத் தெரு, மேலத் தெரு, ஆற்றங்கரை எல்லாம் அன்று உச்சிவேளைக்குள் இஷ்ட ராஜ்யம் ஆகிவிட்டது.

நாவிதர் தளவாயின் மீசையில் ஒரு பக்கத்தை மழித்தார். பிறகு, "இதுக்கு மேல இஷ்டமில்ல" என்று கத்தியை மடித்துவிட்டார். நாட்டின் படைகளையெல்லாம் நடத்துகிற தளவாய் அரை மீசையோடு திரிந்தார். அரண்மனை வாயிற்காவலர் இருவரில் ஒருவனுக்குக் கதவைத் திறப்பது இஷ்டம், மற்றவனுக்குச் சாத்துவது. கதவு நாளெல்லாம் தொட்டில் மாதிரி ஆடியது. பிரதானியின் பல்லக்கைச் சுமந்தவர்கள் நால்வருக்கும் நான்கு திசையில் இஷ்டம் பிறந்ததால், அவர் கடைத்தெரு நடுவில் அரைநாள் அந்தரத்தில் இருந்தார். வழக்கைத் தீர்க்க வேண்டிய நியாயாதிபதி கழுத்தளவுத் தண்ணீரில் குளத்தில் இருந்தார். அது அவர் இஷ்டம்.

முதலில் மகாராஜாவுக்கு இதெல்லாம் ஆனந்தமாகத்தான் இருந்தது.

"மயிலேறி, ஆணையிட்ட அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? கிரீடத்தைக் கழற்றி வைத்தேன். சாதாரண வேட்டியோடு தன்னந்தனியாகப் போய்ச் சந்தை மண்டபத்தில் படுத்தேன். உச்சிவேளையிலிருந்து பொழுது இறங்கும்வரை ஒரே உறக்கம்! கட்டியமில்லை, சங்கில்லை, ஒரு சத்தமில்லை! பிறந்தது முதல் நான் அப்படி உறங்கியதேயில்லை."

மயிலேறியின் காதில் ஏதோ முள் மாதிரிக் குத்தியது. ஏன் குத்தியது என்று அப்போது அவனுக்கே விளங்கவில்லை.

அந்த ஆனந்தம் நீடிக்கவில்லை. சமையற்காரனுக்குப் பாகற்காய்மேல் இஷ்டம் வந்தது. பாகற்காய்ச் சோறு, பாகற்காய்ப் பச்சடி, பாகற்காய்ப் பாயசம். மகாராஜா தம் மாங்காயை எடுக்கப் போனால், அதைத் தின்றுகொண்டிருந்தது அரண்மனைக் குரங்கு. தடுக்க முடியுமா? சங்கு ஊதுபவனுக்கு விடிய விடிய ஊத இஷ்டம். நிறுத்தச் சொல்ல முடியுமா? அந்த நாட்டிலேயே இஷ்டப்படி எதுவும் செய்ய முடியாத மனிதர் இப்போதும் ஒருவர்தான். அவர்தான் மகாராஜா.

"ஆணையை நீக்குங்கள்!" என்றார், பாயசக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு.

நீக்க வேண்டுமென்றால் சன்னாசி அடிக்க வேண்டும். ஆள் அனுப்பினார்கள். சன்னாசி வரவில்லை. பல்லக்குத் தூக்க யாருக்கும் இஷ்டமில்லாததால், பௌர்ணமிக்கு முதல் நாள் மகாராஜாவே பிரதானியோடும் மயிலேறியோடும் அவன் வீட்டுக்கு நடந்து போனார்.

சன்னாசி குடிசை வாசலில், ஒற்றைக் கருங்கல் படியில் உட்கார்ந்து அவல் தின்றுகொண்டிருந்தான்.

"சன்னாசி, தமுக்கை எடு. இஷ்ட ஆணையை நீக்கி அடி."

"இஷ்டமில்லீங்க, மகாராஜா."

"உனக்கு என்ன வேண்டும், கேள்."

"ஒண்ணும் வேணாங்க. அடிக்க இஷ்டமில்ல, அவ்வளவுதான்."

"உள்ளே வந்து பேசலாமா?"

"அதுக்கும் இஷ்டமில்லீங்க. படிக்கு அந்தாண்டையே நின்னு பேசுங்க."

மகாராஜா ஏற்கெனவே வலது காலைத் தூக்கிவிட்டிருந்தார். கட்டை விரலில் சிவப்புக் கல் மோதிரம் வெயிலில் மின்னியது. அந்நாட்டில் பட்டமேறிய ராஜா மட்டுமே அணிகிற மோதிரம் அது. கால் படிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. சன்னாசி மகாராஜாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் காலைத்தான் பார்த்தான். கையிலிருந்த அவல் கீழே கொட்டியது. பிறகு அவசரமாக வேறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

"இழுத்துப் போட்டு உதையுங்கள் இவனை!" என்றார் பிரதானி.

"தடுப்பவர் தலை தங்காது என்று சொன்னவன் நான். இப்போது என் தலையை நானே கேட்பதா?"

மகாராஜா காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். திரும்பி நடந்தார்.

போகிற வழியில் பிரதானி மயிலேறியின் காதருகே குனிந்தார். "நாளைக்குப் பௌர்ணமி. எல்லை கிடைத்ததா? பூட்டுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்."

*

இப்போது ஓட்டத்துக்கு வருவோம்.

கொல்லை வேலியைத் தாண்டிய மயிலேறி கண்ணை மூடிக்கொண்டு ஓடினான். சந்து திரும்பினான். சந்து முடிந்துவிட்டது. எதிரே சன்னாசியின் குடிசை. படியில் சன்னாசி. மடியில் தமுக்கு.

"ஐயையோ, மயிலேறி ஐயா! யானையை ஏன் இங்க கூட்டியாறீங்க?"

"நான் எங்க கூட்டியாறேன்! அதுதான் என்னைக் கூட்டியாருது!"

சொன்ன வேகத்தில் படி தடுக்கி விழுந்தான். வெல்லக் கட்டி படியில் மோதி உடைந்தது. பாதி அவன் கையில் நின்றது. மற்ற பாதி தூளாகிப் படிக்கல்லின் அடியில் இருந்த வெடிப்புக்குள் போய்விட்டது.

யானை வந்து நின்றது. தும்பிக்கையால் வெடிப்பைத் துழாவியது. எட்டவில்லை. கொஞ்சம் யோசித்தது. பிறகு இரண்டு தந்தங்களையும் கல்லுக்கு அடியில் கொடுத்து நெம்பியது.

படி எழுந்தது. படியில் உட்கார்ந்திருந்த சன்னாசியும் எழுந்தான்.

"என் படி! என் படி!"

"குதியுமய்யா கீழே!"

"குதிக்க மாட்டேன்! எங்க பாட்டன் போட்ட படி! யானை எங்க கொண்டு போனாலும் நானும் கூடவே போவேன். என் இஷ்டம்!"

மயிலேறி மண்ணில் கிடந்தபடியே அண்ணாந்து பார்த்தான். தந்தத்தின்மேல் கருங்கல். கல்லின்மேல் சன்னாசி. நேற்று இதே கல்லுக்கு மேலேதான் மகாராஜாவின் கால் அந்தரத்தில் நின்றது. நின்று, திரும்பிப் போயிற்று.

அந்தக் கால். அதைப் பார்த்த சன்னாசியின் முகம். கீழே கொட்டிய அவல். 'ஒரு சத்தமில்லை' என்று மகாராஜா சொன்னது.

காதில் குத்திய முள் இன்னதென்று அப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது. விருட்டென்று எழுந்தான்.

"சன்னாசி அண்ணே, நான் உம்மை எறங்கச் சொல்லல. எங்கேயும் வரவும் சொல்லல. யானையோட நான் கொஞ்சம் காலாற நடக்கப் போறேன், அவ்வளவுதான்."

கையிலிருந்த பாதி வெல்லத்தை யானையின் மூக்குக்கு எட்டியும் எட்டாமலும் நீட்டிக்கொண்டு, அரண்மனையை நோக்கிப் பின்பக்கமாகவே நடந்தான். யானை கல்லோடு வந்தது. கல்லின்மேல் சன்னாசி, தமுக்கை நெஞ்சோடு அணைத்தபடி வந்தான். ஊர் வேடிக்கை பார்த்தபடி பின்னாலேயே வந்தது. யாரும் தடுக்கவில்லை. தலைமேல் எல்லாருக்கும் ஆசை இருந்தது.

பாதி வழியில் மயிலேறி குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்டான். சன்னாசி அவசரமாக அக்கம்பக்கம் பார்த்தான்.

"ஐயா, உங்க வாயை மூடிக்குங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அது பொழுது சாஞ்சா தானா மூடிரும், அண்ணே. அதுக்குள்ள சொல்லும். நான் நினைச்சது சரியா, தப்பா?"

 சன்னாசி வலது கையை மெல்ல மேல்துண்டுக்குள் மறைத்துக்கொண்டான்.

"புரிஞ்சுது. உம்ம கைக்கு நான் பொறுப்பு" என்றான் மயிலேறி.

*

சபையில் சாயங்கால வெயில் கடைசித் தூண்வரை வந்துவிட்டது. பிரதானி ஒரு தாம்பாளத்தில் வெள்ளிப் பூட்டோடு நின்றார். எண்ணெய் பளபளத்தது.

"மகாராஜா, பொழுது சாய்கிறது. விகடகவியைக் காணோம். ஓடிப் போயிருப்பான்…"

வெளியே மடமடவென்று ஒரு சத்தம். திறப்பதா, சாத்துவதா என்று இத்தனை நாள் நடந்துகொண்டிருந்த வாயிற்கதவு வழக்கை யானை ஒரே முட்டலில் தீர்த்துவைத்தது. உள்ளே முதலில் மயிலேறியின் முதுகு வந்தது. அடுத்து வெல்லம், அடுத்து தும்பிக்கை. அதற்கு மேலே கருங்கல். அதற்கும் மேலே சன்னாசி. ஏதோ ஒரு தேசத்து ராஜா எழுந்தருளியது போலிருந்தது. யானை கல்லை மண்டபத்தின் நடுவில் இறக்கியது. மயிலேறி வெல்லத்தைக் கடைசியாக ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு யானையின் வாயில் போட்டான்.

"மகாராஜா! கேட்ட எல்லை இதோ. கண்ணால் பார்க்கலாம். கையால் தொடலாம். பிரதானியார் விரும்பினால் தலையாலும் முட்டிப் பார்க்கலாம்."

"இது கல்!" என்று கத்தினார் பிரதானி. "வெறும் வாசற்படி! மகாராஜா, இது மோசடி!"

"கல்தான். பிரதானியாரே, ஒன்று கேட்கிறேன். நேற்று மகாராஜா இதன்மேல் கால் வைக்கப் போனாரே, ஏன் வைக்கவில்லை? மூட்டு வலியா?"

பிரதானி மகாராஜாவைப் பார்த்தார். மூட்டு வலி என்றும் சொல்ல முடியாது; இல்லை என்றும் சொல்ல முடியாது.

"மகாராஜா, எல்லையைத் தேடி நாடெல்லாம் அலைந்தேன். யாராவது எங்காவது ஒதுங்கி நின்றால், 'ஆகா, இதுதான் எல்லை' என்று ஓடிப் போய்ப் பார்ப்பேன். பார்த்தால், எதிரே ஒரு தடியன் நிற்பான். ஒதுங்கியவன் பயந்து ஒதுங்கியிருப்பான். பயந்தவன் நிற்கிற இடம் எல்லையா? அது அவனுக்குப் போட்ட வேலி. உங்கள் ஆணையால் முழுச் சுதந்திரம் அடைந்தவர் இந்த நாட்டில் ஒரே ஒருவர். அதோ, அவர்தான்." யானை வாயிலிருந்த வெல்லத்தைச் சப்பிக்கொண்டது. "தாண்டக்கூடியவன் தாண்டாமல் நின்ற ஓர் இடத்தை நான் இந்தக் கல்லில்தான் பார்த்தேன். படைகளும் யானைகளும் உள்ள ஒரு ராஜா, அவல் தின்கிற ஒரு மனிதனின் 'இஷ்டமில்லை' என்ற சொல்லுக்கு மதிப்புக் கொடுத்துக் காலை எடுத்துக்கொண்டார். பூட்டுப் போடுவதென்றால் போடுங்கள். ஆனால் இதைவிட நல்ல எல்லையைப் பிரதானியார் கொண்டுவரட்டும். கல்லை நானே திருப்பிச் சுமக்கிறேன்."

மகாராஜா கல்லைப் பார்த்தார். யானையைப் பார்த்தார். கல்லின்மேல் இன்னும் இறங்காமல் உட்கார்ந்திருந்த சன்னாசியைப் பார்த்தார். தொண்டைக்குள் ஏதோ குமிழியிட்டது. அடுத்த கணம் சிங்காதனம் அதிரும்படி சிரித்தார். கிரீடம் சரிந்து காதில் மாட்டியது. கட்டியக்காரன் வாழ்த்தலாமா என்று யோசித்தான். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பூட்டு வேண்டாம்! மயிலேறி, உன் வாய்க்கு ஈடு இந்த நாட்டில் இல்லை. வேண்டியதைக் கேள். இப்போதே தருகிறேன்."

"எனக்கு வேண்டியது என் வாய். அது கிடைத்துவிட்டது. பரிசு என்று ஒன்று உண்டானால், சன்னாசியின் வலது கைக்கு அபயம் வேண்டும், மகாராஜா."

"அவன் கைக்கு என்ன?"

"முதலில் கொடுங்கள். அப்புறம் அவனே சொல்வான்."

"கொடுத்தோம்! அந்தக் கையை யாரும் தொடமாட்டார்கள். சன்னாசி, இனியாவது ஆணையை நீக்கி அடிப்பாயா?"

 சன்னாசி மறைத்து வைத்திருந்த கையை வெளியே எடுத்தான்.

"அடிக்க முடியாதுங்க, மகாராஜா. நீக்கறதுக்கு ஆணைன்னு ஒண்ணு இருக்கணுமே! நான்தான் அதை அடிக்கவே இல்லீங்களே."

மகாராஜா சிங்காதனத்தின் நுனிக்கு வந்துவிட்டார்.

"என்னது! ஊரே கேட்டதே!"

"யாருங்க கேட்டது?"

எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். கிழக்குத் தெருவில் அடித்திருப்பான் என்று மேலத் தெருக்காரர்கள் நினைத்திருந்தார்கள். மேலத் தெருவில் அடித்திருப்பான் என்று கிழக்குத் தெருக்காரர்கள் நினைத்திருந்தார்கள். தமுக்குச் சத்தத்தைக் காதால் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. இத்தனை நாளும் நாடு ஆடிய ஆட்டம் இல்லாத ஓர் ஆணைக்கு! பாகன் ஓடிவந்து யானையின் காதைப் பிடித்தான். அரை மீசைத் தளவாய் மெல்லத் திரும்பி நாவிதரைப் பார்த்தார். நாவிதர் அவசர அவசரமாகக் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார்.

"ஏன் அடிக்கவில்லை?" என்றார் மகாராஜா.

"முதல் முழக்கம் சந்தை மண்டபத்துலதானேங்க? அங்கதான் போனேன். மண்டபத்துல ஒருத்தர் மூஞ்சியில துண்டைப் போட்டு மூடிக்கிட்டுப் படுத்திருந்தார். ரெண்டு தட்டுத் தட்டித் தமுக்கைப் பதம் பார்த்தேன். 'யாரடா அது, உறங்குகிறேன், போ'ன்னு துண்டுக்குள்ளயிருந்து தூக்கக் கலக்கத்துல சத்தம் வந்துச்சு. 'ராஜா ஆணைங்க, அவரவர் இஷ்டம் அவரவருக்குன்னு அடிக்கணும்'னு சொன்னேன். 'அப்படியானால் என் இஷ்டம் உறங்குவது. அடித்தால் தடுத்தவன் ஆவாய்'னு சொல்லிட்டு அந்தாண்ட திரும்பிப் படுத்துட்டார். நானும் யோசிச்சேன். அடிச்சா தலை போகும். அடிக்காட்டி கை போகும். தலைக்குக் கை தேவலைன்னு வீட்டுக்குப் போயிட்டேன். அப்புறம் 'நீக்கி அடி'ன்னு வந்தீங்க. அடிக்காததை நீக்கி அடிச்சா பொய்த் தமுக்கு. அதுக்கும் கைதான். 'இஷ்டமில்ல'ங்கிறதைத் தவிர என் வாயில வேற வார்த்தையே வரலீங்க."

பிரதானி துள்ளிக் குதித்தார். விகடகவி கைநழுவினாலும் பூட்டுக்கு வேறு வாய் கிடைத்துவிட்டது.

"மகாராஜா! அரசாணையை முழங்கவிடாமல் தடுத்த அந்தத் துரோகி யார்? அவன் வாய்க்கு இந்தப் பூட்டைப் போட வேண்டும்! நானே என் கையால் போடுகிறேன்! சன்னாசி, சொல், அவன் முகம் எப்படி இருந்தது?"

"மூஞ்சியைப் பார்க்கலீங்க. துண்டு மூடியிருந்துச்சு. காலைத்தான் பார்த்தேன்."

"காலா? சரி, காலில் என்ன அடையாளம்? சொல்!"

சன்னாசி மயிலேறியைப் பார்த்தான். மயிலேறிக்கு விடை தெரியும். வாயும் அவனுடையது, பூட்டும் இல்லை, நாக்கு நுனிவரை விகடம் வந்து நின்றது. அன்றைக்கு முதல் தடவையாக, தன் இஷ்டத்தின் பேரில், அவன் வாயை மூடிக்கொண்டான்.

 சிங்காதனத்துக்குக் கீழே 'கிறீச்' என்று ஒரு சிறிய சத்தம் கேட்டது. தரைக் கல்லில் கால் மோதிரம் உரசுகிற சத்தம். ஒரு வலது கால் மெல்ல மெல்லப் பட்டாடைக்குள் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

"பிரதானி, அந்தப் பூட்டைக் கீழே வையுங்கள்" என்றார் மகாராஜா.

பிறகு கிரீடத்தைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமினார். சிங்காதனத்திலிருந்து கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

"சன்னாசி… அன்றைக்கு நான் குறட்டை விட்டேனா?"

"இஷ்டத்துக்கு விட்டீங்க, மகாராஜா."